பார்லர் இன்டர்ன்ஷிப்: மூன்றாவது வாரம், இன்னும் கை நடுங்குகிறது

நூல்கண்டு (திண்டுக்கல்) – ஜூலை 21, இரவு 10.52

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் ஆறு மாத அழகுக்கலைப் படிப்பு படிக்கிறேன். நான்கு மாதம் வகுப்பு, இரண்டு மாதம் ஏதாவது பார்லரில் இன்டர்ன்ஷிப். வகுப்பில் இருபத்திரண்டு பேருக்கு டம்மி தலை ஐந்துதான். ஃபேஷியல் எப்படிச் செய்வது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். ஆனால் நான்கு மாதத்தில் உயிருள்ள முகத்தில் கை வைத்தது ஆறோ ஏழோ முறைதான்.

பார்லரில் முதல் இரண்டு வாரம் தரை கூட்டினேன், டவல் துவைத்தேன், முடி எடுக்கிற வேக்ஸைச் சூடு பண்ணினேன், டீ வாங்கி வந்தேன். புதுசுக்கு அப்படித்தான் என்று பொறுத்துக்கொண்டேன். போன வியாழக்கிழமை திடீரென்று கூட்டம். ஓனர் அக்கா ஒரு காலேஜ் பெண்ணைக் காட்டி, "அவளுக்கு ஐப்ரோ போட்டு விடு" என்றார். முறுக்கிய நூலால் புருவ முடியை எடுக்க வேண்டும், அந்த நூலைப் பல்லில் கடிக்கும்போதே கை ஆடியது. இடது புருவம் எப்படியோ முடிந்துவிட்டது. வலது புருவத்தின் வால் பக்கம் வந்தபோது தோல் நூலில் மாட்டிக் கிழிந்துவிட்டது. அரிசி நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு, ஒரு சொட்டு ரத்தம். அந்தப் பெண் கத்தவில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டு "பரவாயில்லக்கா" என்றாள். கத்தியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

அன்றிலிருந்து நூலைத் தொட்டாலே உள்ளங்கை வேர்க்கிறது. படிப்புக்கு அம்மா குழுக்கடன் வாங்கி 45,000 ரூபாய் கட்டியிருக்கிறார். சான்றிதழ் வந்துவிடும், வேலை கைக்கு வருமா? நீங்கள் எல்லாம் எப்படிப் பழகினீர்கள்?

---

வெட்டிவேர் (திருச்சி) – ஜூலை 21, இரவு 11.20

நான் போட்ட முதல் ஐப்ரோவில் ஒரு புருவம் பாதியைக் காணோம். கஸ்டமர் என் சொந்தச் சித்தி. அது வளர்ந்து வரும்வரை பென்சிலால் வரைந்துகொண்டு ஆபீஸ் போனார். இப்போதும் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் புருவத்தைக் கையால் மூடிக்கொள்வார். உன் அரிசி அளவுக் கோடெல்லாம் ஒரு வாரத்தில் போய்விடும்.

---

பவுடர்டப்பா (மதுரை) – ஜூலை 22, காலை 6.15

தங்கம், உன் பதிவை ராத்திரியே படித்தேன். கடை திறக்கும் முன் நிதானமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். பத்தொன்பது வருடமாகப் பார்லர் நடத்துகிறேன். முப்பது பிள்ளைகளுக்கு மேல் என்னிடம் பழகிப் போயிருக்கிறார்கள், நான்கு பேர் சொந்தமாகக் கடை வைத்துவிட்டார்கள், அதில் ஒருத்தி என் தெருவிலேயே. அது வேறு கதை.

தோல் ஏன் கிழிந்தது என்று பார்ப்போம். அது தெரியாதவரை பயம் போகாது.

இமைக்கு மேலே இருக்கிற தோல் வெங்காயச் சருகு மாதிரி. அது தொய்வாக இருந்தால் நூல் முடியோடு சேர்த்து அதையும் கவ்வும். அதனால்தான் கஸ்டமரை ஒரு விரலைப் புருவத்துக்கு மேலேயும் ஒரு விரலை இமையிலும் வைத்து இழுத்துப் பிடிக்கச் சொல்கிறோம். வால் பக்கம் போகும்போது அந்தப் பிடி நெற்றியோரம் நகர வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் நன்றாகத்தான் பிடிப்பார்கள். வலிக்க வலிக்க, கண்ணில் தண்ணீர் வர வர, விரல் தானாகத் தளரும். நீ கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாய், விரலைப் பார்க்க மாட்டாய். உனக்கு எங்கே கிழிந்தது? இரண்டாவது புருவம், வால் பக்கம். அதாவது அந்தப் பெண் களைத்துப்போன இடத்தில். உன் கை நடுங்கியதால் மட்டும் கிழிந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

"கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் நூல் பல்லில் இருக்கும்போது எப்படிப் பேசுவது? நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும். புதுப் பிள்ளைகள் அதைச் செய்யவே மாட்டார்கள். பாதியில் நிறுத்தினால் வேலை தெரியாதவள் என்று கஸ்டமர் நினைத்துவிடுவாரோ என்று பயம். நான் இன்றைக்கும் ஒரு ஐப்ரோவுக்கு இரண்டு மூன்று தடவை நிறுத்துகிறேன். பவுடர் தொட்டு வைக்கிறேன், எதிரே நின்று இரண்டு புருவத்தையும் சேர்த்துப் பார்க்கிறேன், பிடியைச் சரி பண்ணச் சொல்கிறேன். யாரும் என்னை வேலை தெரியாதவள் என்று சொன்னதில்லை.

அடுத்தது பழக்கம். உன் முழங்காலுக்குக் கீழே இருக்கிற முடிதான் உன் பள்ளிக்கூடம். கடையில் வாங்குகிற அதே 40 நம்பர் பருத்தி நூலை எடு. ஐந்தாறு முறுக்குப் போதும், அதற்கு மேல் போனால் நூல் கையில் ஓடாது. காலில் ஐப்ரோ பென்சிலால் ஒரு புருவம் வரைந்துகொள். கோட்டுக்கு வெளியே இருக்கிற முடியை மட்டும் எடு, உள்ளே ஒரு முடிகூடப் போகக்கூடாது. ஒரு நாளைக்கு நான்கு புருவம், கால் மணி நேரம். வேகத்தைப் பற்றி இப்போது யோசிக்கவே யோசிக்காதே.

நிஜப் புருவத்தில் முதல் ஐம்பது பேருக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் சுத்தம் செய். மேல் கோட்டில் பறக்கிற ஒன்றிரண்டு முடியோடு நிறுத்திக்கொள். மெலிதாக்குவது எப்போது வேண்டுமானாலும் முடியும். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, வெட்டிவேரின் சித்தியைக் கேள்.

இன்னொன்று. வேக்ஸ் சூடு பண்ணுகிற வேலையைக் கேவலமாக நினைக்காதே. ஸ்பேட்டுலாவை, அதுதான் வேக்ஸ் பூசுகிற தட்டைக் குச்சியை, தூக்கினால் வேக்ஸ் நாடா மாதிரி இறங்க வேண்டும். தண்ணீராக ஓடினால் சூடு அதிகம். உன் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு துளி வைத்துப் பார்க்காமல் யார் கையிலும் வைக்காதே. பாதித் தொழில் அந்தச் சட்டியில்தான் இருக்கிறது. கடை திறக்க நேரமாகிவிட்டது, மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

---

அடர்புருவம் (சென்னை) – ஜூலை 22, காலை 9.05

நான் கஸ்டமர் பக்கத்திலிருந்து வருகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போயே ஆக வேண்டிய புருவம். பேங்கில் கவுன்டரில் உட்காரும் வேலை, முகத்தை மறைக்க முடியாது.

பயிற்சிப் பெண் என்று தெரிந்தால் நான் எழுந்து போகமாட்டேன். தெரியாமல் செய்தால்தான் கோபம் வரும். ஒரு முறை ஒரு சின்னப் பெண், "அக்கா, நான் ட்ரெய்னிங்ல இருக்கேன், மெதுவாத்தான் செய்வேன், வலிச்சா உடனே சொல்லுங்க" என்றாள். எனக்கு அவசரமும் இல்லை, உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஆனது, ஆனால் நன்றாக இருந்தது. இன்னோர் இடத்தில் ஒருத்தி ஒன்றுமே சொல்லாமல் நடுங்கிக்கொண்டே செய்தாள். அந்த நடுக்கம் என் நெற்றியில் தெரிந்தது. அங்கே மறுபடி போகவில்லை.

அந்தக் காலேஜ் பெண் "பரவாயில்லக்கா" என்றது உண்மையாகவே பரவாயில்லை என்பதற்காகக்கூட இருக்கலாம் பா.

---

கத்திரி (கும்பகோணம்) – ஜூலை 22, பகல் 1.40

தங்கச்சி, நான் ஜென்ட்ஸ் சலூன். தாத்தா, அப்பா, நான் என்று மூன்றாவது தலைமுறை. பார்லர் வேலை வேறு என்றாலும் கை நடுக்கம் ஒன்றுதான்.

எனக்குப் பதினாறு வயதில் அப்பா ஒரு பலூனை ஊதிக் கொடுத்தார். அதில் ஷேவிங் நுரையைப் பூசி, பிளேடு போட்ட கத்தியால் வழிக்க வேண்டும். பலூன் வெடித்தால் நுரை முகத்தில் தெறிக்கும், கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். முதல் நாள் பதினோரு பலூன் போனது. "பலூன் காசு உன் டீக் காசில் கழியும்" என்றார். வெடிக்காமல் பத்துப் பலூன் வழித்த பிறகுதான் ஆள். அந்த ஆளும் அவரேதான். தன் தொண்டையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இப்போதும் அதை நினைத்தால் எனக்கு வேர்க்கும்.

முடி வெட்டுவதில் புதுசுக்கு ஆகிற தப்பு இரண்டு. ஒன்று, ஈர முடியை இழுத்துப் பிடித்து அளப்பது. ஈரத்தில் முடி நீளும், காய்ந்தால் ஏறிவிடும், சுருட்டை முடி என்றால் இன்னும் ஏறும். மூன்று இஞ்ச் எடுக்கச் சொன்னால் இரண்டு எடுத்துவிட்டுக் காயவைத்துப் பார். இரண்டாவதை வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களா தெரியாது. கஸ்டமர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தால் இடுப்பு சாய்ந்து, தோளும் சாயும். நீ நேராகத்தான் வெட்டியிருப்பாய், அவர் எழுந்து நின்றதும் கோடு கோணலாகத் தெரியும். தலையைத் தொடும் முன்னால் காலைப் பார்.

---

நேர்வழி (சேலம்) – ஜூலை 22, மாலை 4.30

> முதல் இரண்டு வாரம் தரை கூட்டினேன், டவல் துவைத்தேன்

எல்லோரும் பயிற்சி முறை சொல்கிறீர்கள், நல்லது. ஆனால் இதை யாரும் கேட்கவில்லையே? இந்தப் பெண் காசு கட்டிப் படிக்கிறார், இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் உழைக்கிறார், அதில் கால் பங்கு நேரம் துடைப்பத்தோடு போயிருக்கிறது. இதைப் "பொறுத்துக்கொள்" என்று சொல்வது சரியில்லை.

திறன் பயிற்சித் துறையில் இருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விவரம் சொல்கிறேன். 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் (அப்ரென்டிஸ்) சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் பதிவு செய்து சேர்ந்தால் உதவித்தொகை கட்டாயம். 2019இல் திருத்திய விதிகளில் பத்தாம் வகுப்பு முடித்தவருக்குக் குறைந்தது மாதம் 6,000 ரூபாய், பன்னிரண்டு முடித்தவருக்கு 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். பெரிய சலூன் சங்கிலிகளில் இப்படிச் சேர வழி இருக்கிறது. ஆனால் 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்துக்குத்தான் பழகுநரை எடுப்பது கட்டாயம், 4 முதல் 29 பேர் என்றால் அவர்கள் விருப்பம். மூன்று பேர் வேலை செய்கிற தெருமுனைப் பார்லர் இந்தக் கணக்கிலேயே வராது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் போவது அங்கேதான்.

இனிமேல் சேர நினைக்கிறவர்களுக்கு: மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பார்லர் பயிற்சியும் உண்டு. கட்டணம் இல்லை, சாப்பாடும் அவர்களே போடுகிறார்கள். ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி (அழகுக்கலை) என்று ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. 45,000 கட்டும் முன் இவற்றை விசாரித்துவிடுங்கள்.

---

பவுடர்டப்பா (மதுரை) – ஜூலை 22, இரவு 9.30

நேர்வழி தம்பி, சட்டம் சொன்னதற்கு நன்றி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் பக்கமும் ஒன்று இருக்கிறது. இரண்டு மாதம் மட்டும் வருகிற பிள்ளை. முதல் நாளே கஸ்டமர் முகத்தைக் கொடுத்து ஏதாவது ஆனால் பேர் கெடுவது எனக்கு. ஒரு பார்லருக்கு அந்தத் தெருவின் நாக்குதான் விளம்பரம்.

அதற்காக டீ வாங்க அனுப்புவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். என் கடையில் டீ நான்தான் போடுவேன். கூட்டுவதை எல்லோரும் முறை வைத்துச் செய்கிறோம், நானும்தான்.

நூல்கண்டு, உன் ஓனரிடம் "எனக்கும் வேலை கொடுங்க" என்று பொதுவாகக் கேட்காதே. கடைக்காரிக்கு அது தலைவலியாகத்தான் கேட்கும். குறிப்பாகக் கேள். "அக்கா, கடை சாத்தும் முன் அரை மணி நேரம் ஸ்டாஃப் கையில் வேக்ஸ் போட்டுப் பார்க்கட்டுமா? என் ஸ்ட்ரிப்பை (வேக்ஸ் மேல் ஒட்டி இழுக்கிற பட்டை) நானே கொண்டு வருகிறேன்" என்று கேட்டால் மறுப்பது கஷ்டம். "செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காதே, அன்றைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு நான் செய்யட்டுமா?" என்று கேள். இப்போது ஆடி. கல்யாணம் இல்லை, காலியாகத்தான் இருக்கும். ஆவணி பிறந்துவிட்டால் உனக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது.

---

நூல்கண்டு (திண்டுக்கல்) – ஜூலை 23, இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. பவுடர்டப்பா அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. அவள் கை தளர்ந்தது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அப்புறம் விரலைத் திரும்ப வைத்தாள், ஆனால் சும்மா வைத்தாள். நான் பார்த்தும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி காலில் வரைந்து பார்த்தேன். முதல் புருவம் கம்பளிப்பூச்சி மாதிரி வந்தது. தம்பி பார்த்துவிட்டு "காலுக்கு எதுக்கு ரெண்டு கண்ணு?" என்று கேட்டான்.

எனக்கு இன்னொரு சந்தேகம். வேக்ஸிங்கில் ஒரு ஸ்டாஃப் அக்கா இழுத்தால் ஒன்றும் ஆவதில்லை. அதே வேக்ஸ், அதே ஸ்ட்ரிப், நான் என் கையில் இழுத்தால் நீலம் கட்டுகிறது. ஏன்?

---

ஹேர்பின் (ஈரோடு) – ஜூலை 23, இரவு 10.45

நீ ஸ்ட்ரிப்பை மேல்நோக்கித் தூக்குகிறாய், அதனால்தான். முடி வளர்கிற திசையில் பூசி, எதிர்த்திசையில், தோலோடு ஒட்டினாற்போல் படுக்கையாக இழுக்க வேண்டும். ஸ்ட்ரிப் தன்மேலேயே மடிந்து போகிற மாதிரி. இழுக்கிற இடத்துக்குக் கீழே இன்னொரு கை தோலை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். எடுத்த உடனே உள்ளங்கையை அந்த இடத்தில் அழுத்தமாக வை, பாதி எரிச்சல் அங்கேயே அடங்கிவிடும்.

அப்புறம், வேக்ஸ் போடும் முன் வாயைத் திறந்து கேள்: "முகத்துக்கோ கைக்கோ ஏதாவது மருந்து க்ரீம் பூசுகிறீங்களா? பருவுக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?" ரெட்டினால், அடாப்பலீன் மாதிரி க்ரீம் பூசுகிறவர்களுக்கு முகத்தில் வேக்ஸ் போட்டால் முடியோடு மேல்தோலும் வந்துவிடும். ஒரு உதட்டு மேல் வேக்ஸில் எனக்கு அது நடந்தது. பதினைந்து நாள் அந்த இடம் கறுத்துக் கிடந்தது. கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

---

வெட்டிவேர் (திருச்சி) – ஜூலை 24, காலை 7.50

பேச்சோடு பேச்சாக: சொந்தக்காரர்களிடம் பழகுவதற்கும் ஓர் எல்லை வைத்துக்கொள். முதல் மாதம் "பாவம், கத்துக்கிறா" என்று முகத்தைக் கொடுப்பார்கள். ஆறாவது மாதத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பதினோரு பேர் வரிசையில் உட்கார்ந்து, "நம்ம பொண்ணுதானே" என்பார்கள். வேக்ஸ் டப்பா காசுகூடத் தேறாது. நான் பத்து ஐப்ரோ வரை ஓசி, பதினொன்றிலிருந்து பாதி விலை என்று சொல்லிவிட்டேன். இரண்டு அத்தைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நிம்மதி.

---

மண்பானை (விருதுநகர்) – ஜூலை 24, காலை 11.15

நூலை வாயில் கடிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. எச்சில் பட்ட நூல் முகத்தில் உரசுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கொரோனாவுக்கு அப்புறம் கழுத்தில் மாட்டிச் செய்கிறவர்களிடம் மட்டும்தான் போகிறேன்.

---

பவுடர்டப்பா (மதுரை) – ஜூலை 24, பகல் 2.20

நியாயம். 2020இல் கடை திறந்தபோது மாஸ்க் போட்டுக்கொண்டு பல்லில் கடிக்க முடியவில்லை. அப்போதுதான் நானும் கழுத்துக்கு மாறினேன். இருபது நாள் வேலையே ஓடவில்லை. பதினான்கு வருடக் கை திடீரென்று புதுக் கையாகிவிட்டது. கழுத்து நூலில் ஒரு வசதி இருக்கிறது, நூல்கண்டு: வாய் சும்மா இருக்கும், "இறுக்கிப் பிடிங்க" என்று சொல்லலாம். உனக்கு அதுதான் சரி என்று தோன்றுகிறது. இரண்டும் பழகாத நேரத்தில் மாறிக்கொள்வது சுலபம்.

---

நூல்கண்டு (திண்டுக்கல்) – ஜூலை 27, இரவு 11.30

இன்றைக்கு மனது சரியில்லை. வேலையால் இல்லை. சாயங்காலம் ஒரு அம்மாவுக்குப் பெடிக்யூர் செய்தேன், தனியாக. நன்றாகத்தான் வந்தது. வீட்டில் சந்தோஷமாகச் சொன்னேன். பெரியப்பா இருந்தார். "படிச்ச புள்ள அடுத்தவ காலைப் பிடிக்கிற வேலைக்கா போகுது" என்றார். அம்மா எதுவும் பேசவில்லை.

---

கத்திரி (கும்பகோணம்) – ஜூலை 28, காலை 8.30

தங்கச்சி, உன் பெரியப்பா ஒரு நாள் சொன்னதை நாங்கள் மூன்று தலைமுறையாகக் கேட்கிறோம். எங்கள் தாத்தாவுக்குக் கூலி நெல்லாகத்தான் வரும், அதுவும் கொல்லைப் பக்கம் நின்று வாங்க வேண்டும். அதே ஊரில் இப்போது என் கடையில் ஏ.சி. ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை டோக்கன் போட்டு உட்காருகிறார்கள். ஆனாலும் என் பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு மாதிரிப் பேச்சு வரத்தான் செய்கிறது. மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

பெரியப்பா யாரிடம் முடி வெட்டுகிறார் என்று மட்டும் கேட்டு வை.

---

பவுடர்டப்பா (மதுரை) – ஜூலை 28, இரவு 9.50

அந்த அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டாயா? இல்லையென்றால் அடுத்த முறை கண்டிப்பாகக் கேள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், தண்ணீர் சூடு தெரியாது, வெட்டினால் வலிக்காது, புண் ஆறாது. பிளேடு, குதிகால் சுரண்டி எதையும் பயன்படுத்தாதே. நகத்தை நேராக வெட்டு, ஓரத்தைத் தோண்டாதே. தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வை. உன் பெரியப்பாவுக்கு இது கால் பிடிக்கிற வேலையாகத் தெரியலாம். ஆறாத ஒரு புண் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும், என் மாமியார் ஒரு விரலை இழந்தவர்.

ஹெட் வாஷும் அப்படித்தான். பேசினில் கழுத்தை ரொம்ப நேரம் பின்னால் மடித்து வைக்காதே. 1993இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஒருவர், பார்லரில் தலை கழுவிய பிறகு பக்கவாத அறிகுறி வந்த ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். அபூர்வம்தான். ஆனாலும் கழுத்துக்கும் பேசினுக்கும் நடுவே ஒரு மடித்த டவல் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? தலை சுற்றுகிறது என்று சொன்னால் உடனே எழுப்பி உட்கார வை.

கலர் போடும்போது காதுக்குப் பின்னால் தொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்கச் சொல்வதும் இதே மாதிரிதான். "போன மாசம்கூடப் போட்டேனே" என்பார்கள். ஒவ்வாமை பத்தாவது முறைகூட வரலாம். என் கடையில் ஒரு டீச்சருக்கு மறுநாள் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. ஆறு வருடமாக அதே கலர் போட்டவர். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அன்றிலிருந்து அந்த 48 மணி நேர பேட்ச் டெஸ்ட் இல்லாமல் நான் டப்பாவைத் திறப்பதில்லை, கஸ்டமர் கோபித்துக்கொண்டு போனாலும் சரி.

---

ஹேர்பின் (ஈரோடு) – ஆகஸ்ட் 2, இரவு 8.00

ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது. முடிந்தால் மணப்பெண் அலங்காரத்துக்கு உதவியாளாகப் போக ஓனரிடம் கேள். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், பிரம்ம முகூர்த்தம் என்றால் தூக்கம் கிடையாது. முதல் கல்யாணத்தில் என் வேலை பின் எடுத்துக் கொடுப்பது மட்டும்தான். எந்த இடத்தில் யு பின், எங்கே சேஃப்டி பின், ஜடை பில்லையை எந்த நூலில் கட்டுவது, பூ எப்போது வைப்பது என்று கேட்கும் முன் கையில் வைத்தால் போதும். நான்காவது கல்யாணத்தில் மேடம் பாதி ஜடையை என்னிடம் விட்டுவிட்டு மேக்கப்புக்குப் போய்விட்டார். மணப்பெண்ணின் அத்தை வந்து "இந்தச் சின்னப் பொண்ணா?" என்றார். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, வாயில் ஆறு பின் இருந்தது.

வீட்டில் புடவை மடிப்பு வைத்துப் பழகு. பட்டுப்புடவையை முந்தின நாளே மடிப்பு எடுத்து அயர்ன் பண்ணிக் கொடுப்பதற்கு இப்போது தனி வரும்படி இருக்கிறது. முகத்தைத் தொடாத வேலை, பயமும் இல்லை.

---

நூல்கண்டு (திண்டுக்கல்) – ஆகஸ்ட் 29, இரவு 10.40

தாமதத்துக்கு மன்னிக்கவும். இன்டர்ன்ஷிப் இன்றோடு முடிந்தது. இன்னும் ஒரு மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள், மாதம் 5,000 தருவதாகப் பேச்சு. நேர்வழி அண்ணா குறைவு என்பார், தெரியும்.

பவுடர்டப்பா அக்கா சொன்ன மாதிரி குறிப்பாகக் கேட்டேன். ஓனர் அக்கா ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரிப் நீ கொண்டு வரவேண்டாம், கடையிலேயே எடுத்துக்கோ" என்றார். செவ்வாய்க்கிழமை எனக்கென்று ஆனது. கழுத்து நூலுக்கு மாறிவிட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்: இதுவரை நூற்றுப் பன்னிரண்டு ஐப்ரோ. அதில் மூன்று பேருக்கு லேசாகச் சிவந்தது, ஒருவருக்குக்கூடக் கிழியவில்லை. நான்கு பேர் "அந்த அக்காவே செய்யட்டும்" என்று வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்கள். முதல் ஆள் போனபோது பாத்ரூமில் அழுதேன். நான்காவது ஆள் போனபோது டவல் மடித்துக்கொண்டிருந்தேன்.

கை இன்னும் நடுங்குகிறது, முதல் இரண்டு இழுப்பு வரைக்கும். அப்புறம் மறந்துபோகிறது. முதலிலேயே "நடுவில் நிறுத்துவேன், பிடியைச் சரி பண்ணச் சொல்வேன்" என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலேஜ் பெண் திரும்ப வரவே இல்லை. வந்தால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன்.

என் இரண்டு காலிலும் முடி தீர்ந்துவிட்டது. தம்பி ஒரு புருவத்துக்கு ஐந்து ரூபாய் கேட்கிறான். பெரியப்பா சலூனில் தலைக்கு டை அடித்துக்கொள்கிறார் என்பதும் தெரிந்தது. பேட்ச் டெஸ்ட் செய்தார்களா என்று கேட்டேன். முறைத்தார்.

நாளை மறுநாள் முதல் முறையாக அண்டர் ஆர்ம் வேக்ஸ் என்னிடம் கொடுப்பார்களாம். கை மாதிரி ஒரே இழுப்பில் வருமா?

---

பவுடர்டப்பா (மதுரை) – ஆகஸ்ட் 29, இரவு 11.05

வராது. அக்குளில் முடி மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம், நடுவில் குறுக்காக வளரும். முதலில் துடைத்துக் காயவிட்டுப் பவுடர் போடு, கையால் தடவிப் பார்த்துத் திசையைக் கண்டுபிடி. துண்டு துண்டாக, ஒவ்வொரு திசைக்கும் தனியாகப் பூசு. கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல், இன்னொரு கையால் மார்புப் பக்கத் தோலை அவர்களையே இழுத்துப் பிடிக்கச் சொல். முடி ரொம்ப நீளமாக இருந்தால் கத்திரியால் கால் இஞ்சுக்குக் குறைத்துவிட்டு ஆரம்பி. வேக்ஸ் சூட்டை உன் மணிக்கட்டில் பார்த்துவிட்டாயா என்று நாளை மறுநாள் காலையிலும் கேட்பேன்.